ஐந்தாம் நாள் தேத்தண்ணி: குரல்வளை எடுத்த ஒருவர் மறுபடி வாயால் சாப்பிட்ட கதை

கட்டிலின் தலைமாட்டில் தொங்கிய அட்டையில் மூன்று ஆங்கில எழுத்துகள் இருந்தன: என்.பி.எம். வாயால் எதுவும் கொடுக்கக்கூடாது என்று அர்த்தம். அதற்குக் கீழே யாரோ சிங்களத்திலும் எழுதியிருந்தார்கள். பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அந்த மனிதரின் மனைவிக்கு இரண்டு மொழியும் வாசிக்கத் தெரியாது. சத்திரசிகிச்சை முடிந்த ஐந்தாம் நாள் பின்னேரம், பிளாஸ்கின் மூடியில் கொஞ்சம் வெறுந்தேத்தண்ணி ஊற்றி அவருக்குக் கொடுத்தார். எட்டாம் நாள் கழுத்துத் தையல் வழியே எச்சில் வந்தது.

இரண்டையும் முடிச்சுப்போட்டு, தேத்தண்ணி கொடுத்ததால்தான் தொண்டைத் தையல் விட்டுப்போனது என்று வார்ட் முழுக்கப் பேசினார்கள். நோயாளியின் கோப்பிலும் அப்படித்தான் எழுதப்பட்டது. அந்த வரி எவ்வளவு சரி என்று பார்க்கத்தான் இந்த நிகழ்வை எழுதுகிறேன். அந்த நேரம் அந்த வார்டில் தமிழ் பேசத் தெரிந்த ஒரே டொக்டர் நான். நோயாளியின் சம்மதம் இருக்கிறது. ஆளை அடையாளம் காட்டும் விபரங்களை மாற்றியிருக்கிறேன்.

நோயாளி

58 வயது. ஹட்டனிலிருந்து மஸ்கெலியாப் பக்கமாகப் போகும் ஒரு தோட்டத்தில், இஸ்டோரில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை. வெளியாட்கள் தேயிலைத் தொழிற்சாலை என்பதைத் தோட்டத்தில் இஸ்டோர் என்றுதான் சொல்வார்கள். பதினெட்டு வயதில் தொடங்கிய பீடி, கூடவே புகையிலை வைத்த வெற்றிலை. மனைவி கொழுந்து எடுக்கிறவர். மகன் கொழும்பில் ஒரு கடையில்.

குரல் கம்மத் தொடங்கி இரண்டு வருடத்துக்கு மேல். தோட்டத்து டிஸ்பென்சரியில் சளி என்று மருந்து கொடுத்திருக்கிறார்கள். மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்மியே இருந்தால் உள்ளே கமரா விட்டுப் பார்க்கவேண்டும் என்பது இன்னும் எங்கள் மலைகளில் எல்லாருக்கும் போய்ச் சேராத செய்தி. குரல்வளையில் புற்றுநோய் என்று தெரியவர ஆறு மாதம். அப்புறம் மஹரகம புற்றுநோய் வைத்தியசாலையில் தங்கி ஏழு வாரம், 35 தடவை கதிர்வீச்சு. நோய் அடங்கியது. ஒன்றரை வருடத்தில் அதே இடத்தில் திரும்ப வந்தது. இனிக் குரல்வளையை முழுதாக எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை.

எங்களிடம் வரும்போது எடை 41 கிலோ, உயரம் 162 சென்டிமீற்றர். இரண்டு மாதமாகக் கஞ்சியும் தேத்தண்ணியில் ஊறவைத்த பிஸ்கட்டும்தான். ஹீமோகுளோபின் 9.4. இரத்தத்தில் அல்புமின் என்ற புரதம் 2.8, 3.5க்குக் குறையாமல் இருக்கவேண்டியது. தைரொயிட் பரிசோதனை செய்யப்படவில்லை. இந்தக் கடைசி வாக்கியத்துக்குத் திரும்பி வருவேன்.

சத்திரசிகிச்சையும் முதல் நாட்களும்

குரல்வளை இருப்பது ஒரு சந்தியில். மூச்சும் சாப்பாடும் அந்த இடத்தில்தான் பிரிகின்றன. அதை முழுதாக எடுத்தால் மூச்சுக்குழாயைக் கழுத்தின் அடியில் தோலோடு சேர்த்துத் தைத்து ஒரு துவாரம் வைத்துவிடுவார்கள். இனி வாழ்நாள் முழுக்க மூச்சு அந்த வழியாகத்தான். மேலே தொண்டையில் விழுந்த இடைவெளியை இழுத்துத் தைத்து மறுபடி ஒரு குழாயாக்குவார்கள். சாப்பாட்டுக்கு ஒரு வழி, மூச்சுக்கு ஒரு வழி, இரண்டுக்கும் தொடர்பே இல்லை.

இதிலிருந்து புரியவேண்டியது ஒன்று உண்டு. இப்படி முழுதாக எடுத்தவருக்குப் புரையேறாது. சாப்பாடு சுவாசப்பைக்குப் போக உள்ளே பாதையே கிடையாது. குடும்பத்தவர்கள், சில நேரம் வார்டில் வேலை செய்கிறவர்களும், “வாயால் கொடுத்தால் நெஞ்சுக்குள்ளே போய்விடும்” என்று பயப்படுவது அதனால் இவருக்குப் பொருந்தாது. குரல்வளையில் ஒரு பகுதியை மட்டும் எடுத்தவர்களுக்குக் கதையே வேறு. அவர்களுக்குப் புரையேறுவதுதான் பெரிய ஆபத்து. விழுங்கப் பழக்கும் சிகிச்சையாளர் பக்கத்தில் இருந்து ஒவ்வொரு மடக்காகப் பார்த்துத்தான் கொடுக்கவேண்டும். குரலுக்காக வால்வு பொருத்தியவர்களுக்கும் அந்த வால்வு வழியாகத் தண்ணீர் கசிந்து இருமல் வரலாம். இவருக்கு வால்வு வைக்கவில்லை.

எங்கள் பயம் தையலைப் பற்றியது. தொண்டைத் தையல் விட்டுப்போனால் எச்சில் கழுத்துச் சதைக்குள் இறங்கும். வாயில் இருக்கும் கிருமிகள் அத்தனையும் கூடவே இறங்கும். கொஞ்சம் தள்ளி மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் பெரிய நாடி ஓடுகிறது. கதிர்வீச்சு பட்ட கழுத்தில் அதன் சுவர் ஏற்கெனவே பலவீனம். எச்சிலில் ஊறினால் அது வெடிக்கலாம்.

பொதுவான வழக்கம் இப்படி: கதிர்வீச்சு காணாத கழுத்து என்றால் 7 முதல் 10 நாள் வரை வாயால் கொடுக்காமல் இருப்பார்கள், கதிர்வீச்சு பட்டிருந்தால் இரண்டு வாரம் வரை. இவருக்கு 14 நாள் என்று முடிவு. குரல்வளை, இடது பக்கக் கழுத்து நெறிகள், தைரொயிட்டில் பாதி ஆகியவற்றை எடுத்தார்கள். நெஞ்சிலிருந்து ஒரு தசையைத் திருப்பிக் கொண்டுவந்து தையலுக்கு மேலே போர்த்துவதும் உண்டு. கதிர்வீச்சுக்குப் பின் செய்யும் சத்திரசிகிச்சையில் அது கசிவை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைக்கிறது. அன்று அது செய்யப்படவில்லை. தையல் இழுவையில்லாமல் நன்றாகச் சேர்ந்தது என்பது சத்திரசிகிச்சை நிபுணரின் கணிப்பு. நான் இருந்தால் போர்த்தச் சொல்லியிருப்பேன் என்று இப்போது எழுதுவது எனக்குச் சுலபம்.

மூக்கு வழியாக வயிற்றுக்கு டியூப் போட்டு, மறுநாளே அதில் சாப்பாடு தொடங்கினோம். 41 கிலோவுக்கு ஒரு நாளைக்கு 1200 கலோரிக்கு மேலே வேண்டும்; புரதம் 60 கிராம் அளவில். ஆனால் இரண்டு மாதம் அரைப்பட்டினி கிடந்த உடம்புக்கு முதல் நாளே அதைக் கொட்டினால் இரத்தத்தில் பொஸ்பேற்றும் பொட்டாசியமும் திடீரென்று விழும், இருதயம் தடுமாறும். அதனால் 400 கலோரியில் தொடங்கி, தயமின் ஊசி கொடுத்து, தினமும் இரத்தம் பார்த்து ஐந்தாறு நாளில் முழு அளவுக்கு ஏற்றினோம்.

டியூப்புக்கு டின் மாவு வாங்கச் சொன்னால் ஒரு கிழமைச் சம்பளம் போய்விடும். அரிசிமாக் கஞ்சி, பால்மா, நன்றாக அவித்து அரைத்த பருப்பு, முட்டை, ஒரு கரண்டி தேங்காய் எண்ணெய். எல்லாவற்றையும் மெல்லிய துணியில் வடிக்கவேண்டும். வடிக்காத கஞ்சி ஒரு தடவை டியூப்பை அடைத்து, அதைத் திறக்க அரைநாள் போனது. தையலுக்குப் பக்கத்தில் ஓடும் டியூப் என்பதால் இழுத்தெடுத்துப் புதிது போடவும் பயம். கொடுக்கும் விதத்தை மனைவிக்கு நான்தான் காட்டினேன். பெரிய சிரிஞ்சின் தண்டைக் கழற்றிவிட்டு, வெறும் குழலை டியூப்பில் மாட்டி, ஒரு முழ உயரத்தில் பிடித்து ஊற்றவேண்டும். அது தன் பாரத்திலேயே இறங்கும், அமுக்கவே கூடாது. தலைமாடு உயர்ந்திருக்கவேண்டும். முடிந்ததும் கொஞ்சம் தண்ணீர். இரண்டே தடவையில் பிடித்துக்கொண்டார். கொழுந்தெடுத்த விரல்கள், நடுங்கவில்லை.

ஆனால் வாயால் கொடுக்கக்கூடாது என்பதை அவருக்கு விளங்கும் மொழியில் யாரும் சொல்லவில்லை. நானும்தான். டியூப் போட்டிருக்கிறதே, தெரியாமலா இருக்கும் என்று நினைத்துவிட்டேன்.

ஐந்தாம் நாள் கணவர் கையை வாய்க்குக் காட்டிக் கேட்டிருக்கிறார். “நாக்க நனைக்கத்தான் டொக்டர் குடுத்தேன். ரெண்டு மொடக்கு. அஞ்சு நாளா வாய் காஞ்சி கெடந்துச்சு” என்று அடுத்த நாள் மனைவியே என்னிடம் வந்து சொன்னார். வார்டில் பெரிய சத்தம். “ஆளைக் கொல்லப் பார்த்தீங்களா?” என்று ஒருவர் சிங்களத்தில் கேட்டதை நான் மொழிபெயர்க்கவில்லை. மொழிபெயர்க்காமலே அவருக்கு விளங்கிவிட்டது.

கசிவு

ஏழாம் நாள் காலையில் காய்ச்சல், 38.3. கழுத்தின் இடது பக்கத் தோல் சிவந்து, தொட்டால் மாவு மாதிரி அமுங்கியது. இந்தச் சத்திரசிகிச்சைக்குப் பிறகு காய்ச்சல் வந்தால் முதலில் கழுத்தைத்தான் தொட்டுப் பார்க்கவேண்டும், நெஞ்சு எக்ஸ்ரே அப்புறம். எட்டாம் நாள் கட்டு மாற்றும்போது ஒரு வாடை. இதைக் கண்டவர்கள் மறக்கமாட்டார்கள். சீழ் நாற்றத்தோடு புளித்த எச்சில் கலந்தது. தையலின் ஓரத்தில் நுரைத்த தண்ணீர். நீல மருந்து கலந்த தண்ணீரை ஒரு மடக்கு விழுங்கச் சொன்னோம். இரண்டு நிமிடத்தில் கழுத்தில் வைத்த வெள்ளைத் துணி நீலமாகிவிட்டது.

காயத்தைக் கொஞ்சம் திறந்து, கழுவி, மருந்துத் துணி அடைத்து, மேலே இறுக்கிக் கட்டினோம். எச்சில் வழிந்து மூச்சுத் துவாரத்துக்குள் இறங்கினால் வெளிப்பக்கமாகவே சுவாசப்பைக்குப் போய்விடும். அதனால் துவாரத்துக்குள் பலூன் வைத்த குழாய். நுண்ணுயிர்க்கொல்லி. இரண்டு பைந்த் இரத்தம். கழுத்துக் கட்டுத் துணியில் ஒரு சொட்டுப் புது இரத்தம் கண்டாலும் நடுச்சாமமானாலும் எழுப்பச் சொல்லி தாதி மிஸ்மாரிடம் சொல்லிவைத்தோம். பெரிய நாடி வெடிப்பதற்கு முன்னால் இப்படிச் சின்னதாக ஒன்று எச்சரிக்கும். நல்ல காலம், அது வரவில்லை.

ஒன்பதாம் நாள்தான் தைரொயிட்டுக்கு இரத்தம் அனுப்பினோம். பதினோராம் நாள் முடிவு வந்தது. டி.எஸ்.எச். 46. தைரொயிட் வேலை குறையக் குறைய ஏறும் எண் இது, சாதாரணமாக 4க்குள் நிற்கவேண்டியது.

தேத்தண்ணியா காரணம்?

ஒரு மனிதருக்கு ஒரு நாளில் சுமார் ஒரு லீற்றர் எச்சில் ஊறும். சத்திரசிகிச்சை முடிந்த அன்றைக்கே அது ஊறத் தொடங்கிவிடும், அவர் விழுங்கிக்கொண்டேதான் இருப்பார். வாயால் எதுவும் கொடுக்காத நாட்களிலும் தையலுக்கு மேலே எச்சில் ஓடுகிறது; கிருமி நிறைந்த எச்சில். கொதித்து ஆறிய இரண்டு மடக்குத் தேத்தண்ணி, அந்த ஐந்து நாளில் ஓடிய நாலைந்து லீற்றர் எச்சிலோடு ஒப்பிட்டால் என்ன?

நான் மட்டும் கேட்கும் கேள்வி இல்லை இது. கதிர்வீச்சு காணாதவர்களுக்கு முதல் சில நாட்களிலேயே நீராகாரம் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில், ஒரு வாரத்துக்கு மேல் காத்திருந்தவர்களைவிடக் கசிவு கூடியதாகத் தெரியவில்லை. சீக்கிரம் கொடுக்கும் வழக்கம் பல இடங்களில் வந்துவிட்டது. கதிர்வீச்சு பட்ட கழுத்துக்கு அதே தைரியத்தோடு சொல்லும் அளவுக்குச் சான்று இல்லை. அதனால் நாங்கள் 14 நாள் என்று வைத்ததில் பிழையில்லை, இன்றும் அப்படித்தான் வைப்பேன். ஆனால் காத்திருப்பது ஒரு முன்ஜாக்கிரதை. அதை மீறியதால்தான் தையல் விட்டது என்று சொல்ல அது போதாது.

அப்படியானால் எது? இந்தச் சத்திரசிகிச்சையை முதல் சிகிச்சையாகச் செய்தால் ஏழு பேரில் ஒருவருக்குக் கசிவு வருகிறது. கதிர்வீச்சுக்குப் பிறகு செய்தால் நாலு பேரில் ஒருவருக்கும் மேல். கதிர்வீச்சு சின்ன இரத்தக்குழாய்களை அடைத்துவிடும். அந்தச் சதையில் தையல் போடுவது வரண்ட மண்ணில் நாற்று நடுகிற மாதிரி. இரத்தசோகை அதற்கு மேல். எடைக்குறைவும் குறைந்த அல்புமினும் அதற்கு மேல். எல்லாவற்றுக்கும் மேல் தைரொயிட். கழுத்துக்குக் கதிர்வீச்சு வாங்கியவர்களுக்கு மாதக்கணக்கில், வருடக்கணக்கில் தைரொயிட் மெல்ல மெல்லச் செத்துக்கொண்டிருக்கும். அந்த ஹோர்மோன் குறைந்தால் காயம் ஆறாது. ஒரு இரத்தப் பரிசோதனை, விலை குறைந்த ஒரு மாத்திரை. சத்திரசிகிச்சைக்கு முன்னாலேயே செய்திருக்கவேண்டியது. அவர் சோர்ந்து, முகம் உப்பி, பேச்சு மெதுவாகி இருந்ததை எல்லாரும் புற்றுநோயின் கணக்கில் எழுதிவிட்டோம்.

முடிந்தால் பத்துப் பதினாலு நாள் முன்னாலேயே டியூப் போட்டுச் சாப்பாடு ஏற்றிவிட்டுச் சத்திரசிகிச்சைக்கு எடுத்திருக்கலாம். இவ்வளவு மெலிந்தவர்களுக்கு அதுதான் முறை. இடம் கிடைத்த திகதியை விட்டால் அடுத்தது எப்போது என்று தெரியாது என்ற அவசரத்தில் எடுத்தோம். அந்த அவசரத்திலும் நியாயம் இருந்தது, நோய் காத்திருக்காது.

முதல் மடக்கு

தைரொக்சின் மாத்திரையைப் பொடித்து, காலையில் கஞ்சிக்கு அரைமணி முன்னால், டியூப்பில் கொடுத்தோம். கழுத்துக் கட்டு நாளுக்கு மூன்று தடவை நனைந்தது. பிறகு இரண்டு. மூன்றாம் கிழமையில் ஒன்று. மனைவி இந்த நாட்களில் தோட்டத்துக்குப் போகவில்லை. வேலைக்குப் போகாத நாளுக்குப் பேர் விழாது, அன்றைய சம்பளம் இல்லை. வாயை மட்டும் உப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்துவிடச் சொல்லியிருந்தேன், ஒரு நாளைக்கு நாலு தடவை. அது ஆரம்பத்திலேயே செய்திருக்கவேண்டிய வேலை. வாய் காய்ந்து கிடந்திருக்காவிட்டால் அந்தத் தேத்தண்ணியும் நடந்திருக்காது.

32ஆம் நாள் கட்டு மூன்று நாளாகக் காய்ந்தே இருந்தது. 34ஆம் நாள் நீலத் தண்ணீர்: துணி வெள்ளையாகவே இருந்தது. 36ஆம் நாள் எக்ஸ்ரே அறையில், படத்தில் தெரியும் மருந்தை விழுங்கவைத்துப் பார்த்தோம். நேராக இறங்கியது. நாக்கின் அடியில் ஒரு சின்னப் பை மாதிரித் தேங்கியது. இந்தச் சத்திரசிகிச்சைக்குப் பிறகு பலருக்கும் அது இருக்கும். இரண்டு பரிசோதனையிலும் தப்பும் கசிவு உண்டு. அதனால் கழுத்தைத் தடவிப் பார்த்தேன். தோல் நிறம் சாதாரணம், வலி இல்லை, காய்ச்சல் இல்லை. நாள் கணக்கைவிட நான் நம்புவது இந்தத் தடவலைத்தான்.

அன்று பின்னேரம் முதலில் தண்ணீர், ஒரு கரண்டி, பிறகு இன்னொன்று. அரைமணி பார்த்தோம். பிறகு அவர் கொப்பியில் எழுதினார்: “தேதண்ணி”.

மனைவி என்னைப் பார்த்தார். நான் தலையாட்டின பிறகுதான் பிளாஸ்கைத் தொட்டார். இரண்டு டம்ளரில் மாற்றி மாற்றி ஆற்றினார். எதற்கு இவ்வளவு நேரம் ஆற்றுகிறார் என்று முதலில் எனக்கு விளங்கவில்லை. அவர் கவனித்திருக்கிறார்: கணவரால் இனி ஊத முடியாது. மூச்சு கழுத்தில் இருக்கிறது, வாயில் காற்று இல்லை. சூடான தேத்தண்ணியை உறிஞ்சியும் குடிக்கமுடியாது. இது எங்கள் எந்த அறிவுறுத்தல் தாளிலும் இல்லாத விடயம்.

அவர் டம்ளரை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோய்க் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். ஒன்றும் வரவில்லை. மூக்கு வழியாகக் காற்றே போகாதவருக்கு மணமும் போகாது. முப்பது வருடம் இஸ்டோரில் வாட்டின கொழுந்தை மணந்தே பதம் சொன்ன ஆள். குடித்தார், இறங்கியது, கழுத்தைக் கையால் பிடித்துக்கொண்டார், நனையவில்லை. பிறகு கொப்பியில் எழுதினார்: “சுடுதண்ணி மாதிரி இருக்கு”.

இதற்கு ஒரு பழக்கம் இருக்கிறது. உதட்டை மூடிக்கொண்டு, கொட்டாவியை அடக்குகிற மாதிரித் தாடையைக் கீழே இறக்கினால் மூக்குக்குள் கொஞ்சம் காற்று இழுபடும், மணம் வரும். அடுத்த நாள் பேச்சுச் சிகிச்சையாளர் அதைச் சொல்லிக் கொடுத்தார். வீட்டுக்குப் போகும்வரை சரியாக வரவில்லை.

கஞ்சி, குழைத்த சோறும் பருப்பும், பிறகு தேத்தண்ணியில் ஊறவைத்த ரொட்டி. தேவையில் முக்கால்வாசி வாயாலேயே போகத் தொடங்கியதும் 41ஆம் நாள் டியூப்பை எடுத்தோம். 43ஆம் நாள் 42.5 கிலோவோடு வீட்டுக்கு. லயத்து வீட்டில் அடுப்புப் புகை துவாரத்துக்குள் போகாமல் நனைத்த துணி கட்டச் சொன்னோம். மலைப் பனியில் சளி காய்ந்து அடைக்காமலிருக்கவும் அதே துணிதான்.

வீட்டுக்குப் போன பிறகு

நாலாம் மாதம் ரொட்டி நிற்கத் தொடங்கியது, பிறகு சோறு. தண்ணீர் மட்டும் போனது. நோய் திரும்பியதோ என்று எல்லாருக்கும் பயம். கமரா விட்டுப் பார்த்தால் வெறும் தழும்பு, தொண்டை சுருங்கியிருந்தது. கசிவு ஆறிய இடத்தில் இது அடிக்கடி நடப்பது. இரண்டு தடவை விரித்துவிட்டோம். இப்போது ரொட்டியைப் பிய்த்துக் குழம்பில் ஊறவைத்துச் சாப்பிடுகிறார். எடை 46.

இரண்டாவது விரிப்புக்கு மகன் கூடவே வந்திருந்தான். அம்மாவைக் கதவுக்கு வெளியே இருக்கச் சொல்லிவிட்டு உள்ளே வந்தான். டிக்கட் வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த அட்டை அவன் கையில் இருந்தது. அதில் ஆங்கிலத்தில், அனுமதியின்றி உறவினர் வாயால் உணவு கொடுத்ததைத் தொடர்ந்து கசிவு ஏற்பட்டது என்று எழுதியிருந்தது. கடையில் வேலை செய்கிறவன், வாசிக்கத் தெரியும். வாசித்த நாளிலிருந்து அம்மாவோடு சரியாகப் பேசுவதில்லையாம்.

கோப்பை எடுத்து அவனுக்குக் காட்டினேன். தைரொயிட்டின் 46 என்ற எண்ணை, ஹீமோகுளோபின் 9.4 என்ற எண்ணை, கதிர்வீச்சுத் திகதிகளை. எச்சில் கணக்கையும் சொன்னேன். கடைசியில், அம்மாவுக்கு அன்று யாரும் தமிழில் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை என்றேன்.

கொஞ்ச நேரம் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தான். “அப்ப ஏன் டொக்டர் இதுல இப்புடி எழுதினீங்க?”

எழுதியது நான் இல்லை. ஆனால் அடியில் இருந்த கையெழுத்து என்னுடையது. அட்டையை வாங்கி, அந்த வரியைக் கோடுபோட்டு வெட்டி, பக்கத்தில் காரணங்களை எழுதி, திகதி போட்டு மறுபடி கையெழுத்து வைத்தேன். அவன் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வெளியே போனான். அம்மா வாங்கில் உட்கார்ந்து, கணவருக்காக டம்ளரில் எதையோ ஆற்றிக்கொண்டிருந்தார்.